வாசகர் கேள்வி–பதில்: இரண்டு டன்னைத் தாங்கும் ரப்பர்ப் பை

டர்பன் துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் என்-3 நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களிடையே எத்தனை உள்ளன என்பது இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கனரக வாகனங்களில் இரும்பு வில்லுக்குப் பதிலாகச் சுமை தாங்கும் காற்றுப்பைகளைப் பற்றி மட்டும் ஆறு கடிதங்கள் வந்துள்ளன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். வேறு பொருள் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் முப்பது ஆண்டுகள் பட்டை வில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மகன் வாங்கியிருக்கும் டிரெய்லரில் மூன்று அச்சுகளுக்கும் இரும்புப் பட்டையே இல்லை; அச்சுக்கு இரண்டு ரப்பர்ப் பைகள்தாம் இருக்கின்றன. இவை சுமையை எப்படித் தாங்குகின்றன? டயரைப் போல ஓட்டை விழாதா?
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கமான் பட்டை என்று சொல்லப்படும் அந்த இரும்பு அடுக்குகளோடு முப்பது ஆண்டுகள் பழகிய கண்ணுக்கு, இந்தப் பை நம்பத் தகாததாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று; அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றே தாங்குகிறது. ரப்பரின் வேலை காற்றை வெளியே விடாமல் வைத்திருப்பது மட்டும்தான். அந்த வேலையைக்கூட ரப்பர் தனியாகச் செய்வதில்லை. பையின் சுவருக்குள் இரண்டு அடுக்கு நைலான் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி பதிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளிருந்து வரும் அழுத்தத்தை அந்த இழைகளே ஏற்கின்றன. உட்புற ரப்பர் காற்றுப் புகாத அடைப்பாகவும், வெளிப்புற ரப்பர் வெயில், எண்ணெய், கல் ஆகியவற்றுக்கு எதிரான தோலாகவும் அமைகின்றன. டயரும் ஏறத்தாழ இதே குடும்பம்தான். ஆனால் டயர் சாலையில் தேய்கிறது, ஆணியில் ஏறுகிறது. பையோ வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் மறைவாக நிற்கிறது.

உங்கள் மகனின் டிரெய்லரையே எடுத்துக் கணக்கிடுவோம். நம் நாட்டு விதிப்படி மூன்று அச்சுத் தொகுதியின் உச்ச எடை 24,000 கிலோ. அதாவது அச்சுக்கு எட்டு டன். அதில் அச்சு, சக்கரங்கள், பிரேக் ஆகியவற்றின் சொந்த எடை முக்கால் டன் என்று வைத்துக்கொள்ளலாம். அது பைக்கு வராமல் நேரே சாலைக்குப் போய்விடும். மீதமுள்ள 7,250 கிலோவில் பாதி, அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 3,600 கிலோ, பையின் மேல் அப்படியே இறங்குவதும் இல்லை. டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தால், முன்பக்கம் கீல் ஒன்றில் தொங்கும் தடித்த இரும்புக் கை ஒன்று பின்னோக்கி நீண்டிருப்பதும், அதன் நடுப்பகுதியில் அச்சு பிணைக்கப்பட்டிருப்பதும், கடைசி முனையில் பை உட்கார்ந்திருப்பதும் தெரியும். கீலிலிருந்து அச்சு வரை 500 மில்லிமீட்டர், அச்சிலிருந்து பை வரை 380 மில்லிமீட்டர் என்று கொண்டால், நெம்புகோல் கணக்குப்படி பைக்கு வருவது சுமார் 2,050 கிலோ. மற்றதைக் கீல் ஏற்கிறது. பையின் செயல்படும் விட்டம் 250 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 490 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தம் இருந்தால் கணக்கு நேராகிவிடும். அதாவது ஏறத்தாழ 4.1 பார். உங்கள் லாரியின் டயரில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதே டிரெய்லர் வெறுமையாக நிற்கும்போது, அச்சுக்கு இரண்டு டன்தான் சாலைக்குப் போகிறது என்றால், பைக்குள் 0.7 பார் போதும். அப்படியானால் சுமை ஏறும்போது அழுத்தத்தைக் கூட்டுவதும் இறங்கும்போது குறைப்பதும் யார்? சட்டத்தில் பொருத்தப்பட்ட கைப்பிடி அளவு வால்வு ஒன்று. பட்டறைகளில் லெவலிங் வால்வு என்பார்கள். அதிலிருந்து நீளும் மெல்லிய கம்பி ஒன்று அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். சுமை ஏறிச் சட்டம் தாழ்ந்தால் கம்பி வால்வின் நெம்பை மேலே தள்ளும். கம்ப்ரசர் அமுக்கி நிரப்பி வைத்திருக்கும் தொட்டியிலிருந்து காற்று பைக்குள் போகும். சட்டம் பழைய உயரத்துக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். சுமையை இறக்கினால் நெம்பு எதிர்ப்பக்கம் போய்க் காற்றை வெளியேற்றும். பையைப் பார்த்து வியப்பவர்கள் இந்தச் சிறு வால்வைக் கவனிப்பதில்லை. உண்மையில் இந்த அமைப்பின் மூளை அதுதான். பை வெறும் தசை.

கேள்வி: பட்டை வில்லும் சுமையைத் தாங்கத்தானே செய்கிறது? காற்றுப்பைக்கும் கம்ப்ரசருக்கும் வால்வுக்கும் இவ்வளவு செலவு செய்வதால் என்ன மிச்சம்? பயணச் சுகம் என்பது சரக்குக்கு எதற்கு?
— வாகன உரிமையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பயணச் சுகம் சரக்குக்கும் வேண்டும். கண்ணாடி, மின்னணுப் பொருள், பழம் ஆகியவற்றை ஏற்றுவோர் இதை அறிவார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது.

இரும்புப் பட்டையின் விறைப்பு மாறாதது. முழுச் சுமைக்கேற்ப அதைச் செய்தாக வேண்டும். ஆகவே வெறும் வண்டியாக ஓடும்போது அது கல்லைப் போல இருக்கும். மேலே சொன்ன கணக்கில், வில்லின் மேல் நிற்கும் எடை 1,250 கிலோவிலிருந்து 7,250 கிலோவாக ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்கிறது. ஒரு வில் தன் சுமையோடு வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது விறைப்பை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் அளவைப் பொறுத்தது. பட்டை வில்லில் வெறும் வண்டியின் ஆட்டம் சுமை வண்டியின் ஆட்டத்தைப் போல் 2.4 மடங்கு வேகமாகிவிடுகிறது. வெறும் டிரெய்லர் துள்ளிக் குதித்துக்கொண்டு போவதை என்-3 சாலையில் பின்னாலிருந்து பார்த்த எவருக்கும் இது புரியும்.

காற்றின் இயல்பு வேறு. அழுத்தம் கூடக் கூட அதன் விறைப்பும் கூடுகிறது. எடைக்கேற்ப வில் தானே தடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே டிரெய்லரில் வெறுமைக்கும் முழுச் சுமைக்கும் இடையே ஆட்டத்தின் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் மாறுகிறது. முற்றிலும் மாறாமல் இருக்கிறது என்று சில விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இருந்தாலும் 2.4-க்கும் 1.4-க்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

இந்த ஆட்டத்தின் வேகம் ஏன் முக்கியம் என்றால், வண்டி துள்ளும் ஒவ்வொரு முறையும் சாலையைச் சம்மட்டியால் அடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் வெளியிட்ட 96/53 எண்ணுள்ள நெறியாணை, சாலைக்கு இணக்கமான சஸ்பென்ஷன் (வண்டியைத் தாங்கும் வில், பை அமைப்பு) என்றால் என்ன என்பதை எண்களாலேயே வரையறுத்தது. வினாடிக்கு இரண்டு ஆட்டங்களுக்கு மேல் போகக்கூடாது. ஆட்டத்தைத் தணிக்கும் திறன், ஆட்டமே எழாமல் நிறுத்தத் தேவையான அளவில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பை உள்ள வண்டிகள் பொதுவாக இதை எளிதில் எட்டுகின்றன. பட்டை வண்டிகள் திணறுகின்றன.

உங்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சமாகும் இடம் எடை மேடை. டிரெய்லரின் மூன்று அச்சுப் பைகளும் காற்றுக் குழாயால் இணைக்கப்பட்டிருப்பதால் அவற்றுள் ஒரே அழுத்தமே நிலவும். ஒரே அழுத்தம் என்றால் அச்சுக்கு ஒரே எடை. பட்டை வில்லில் இதைச் செய்யும் இடைநெம்புகள் தேய்ந்து இறுகிவிட்டால், மொத்த எடை 24 டன்னுக்குள் இருந்தும் நடு அச்சு மட்டும் மிகுதியாகச் சுமக்கும். போதாததற்கு, காற்றுக் குழாயில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திவிட்டால், சரக்கு ஏற்றும் இடத்திலேயே அச்சின் எடையை ஏறத்தாழ அறிந்துகொள்ளலாம். உறுதியான எடை மேடையில் ஒருமுறை வெறும் வண்டியாகவும் ஒருமுறை முழுச் சுமையோடும் நிறுத்தி அழுத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், ஹைடல்பர்க் எடை மேடையில் அபராதச் சீட்டைப் பார்த்து அதிர வேண்டியதில்லை. மட்டமான தரையில், பிரேக்கை விடுவித்த நிலையில் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்த அச்சு சுமையைத் திரித்துக் காட்டும்.

கேள்வி: நெடுந்தூரப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவுடன் பெருமூச்சு விடுவதுபோல் ஒலி எழுப்புகிறதே, அது பிரேக்கா, பையா?
— வாசகி, மெரபேங்க்

பதில்: இரண்டும் உண்டு, அம்மா. நின்றவுடன் வரும் குறுகிய சீறல் பிரேக்கினுடையது. படிக்கட்டுப் பக்கம் மெதுவாகச் சாய்வதோடு சேர்ந்து வரும் நீண்ட மூச்சு, முதியவர்கள் ஏறுவதற்காக ஓட்டுநர் அந்தப் பக்கப் பைகளிலிருந்து காற்றை இறக்குவது. லாரிகளுக்கு முன்பே இதில் பேருந்துகள்தாம் வழி காட்டின. ஜெனரல் மோட்டார்ஸ் 1953-இலேயே காற்றுப்பைகளோடு நெடுந்தூரப் பேருந்தை வெளியிட்டது.

கேள்வி: அண்ணா, என் டிரெய்லரில் ஒரே ஆண்டில் இரண்டு முறை பின் அச்சுப் பைகளை மாற்றிவிட்டேன். இப்போது டயர்களும் திட்டுத் திட்டாகத் தேய்கின்றன. மட்டமான பைகளை விற்று என்னை ஏமாற்றுகிறார்களா?
— லாரி உரிமையாளர், பீனிக்ஸ்

பதில்: பையைக் குற்றம் சொல்வதற்கு முன் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள், தம்பி. நான் இளைஞனாகப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலை பார்த்தபோது, இதே நிலையில் வந்த டிரெய்லருக்கு நாங்கள் மூன்று முறை பை மாற்றினோம். நான்காம் முறை வந்தபோது, பணியில் மூத்தவர் ஒருவர் கருவி எதையும் எடுக்கவில்லை; அப்போதுதான் ஓடி வந்து நின்ற டிரெய்லருக்கு அடியில் குனிந்து, ஆறு ஷாக் அப்சார்பர்களையும் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான்கு சூடாக இருந்தன. பின் அச்சின் இரண்டு மட்டும் தண்ணீர்க் குழாயைப் போலக் குளிர்ந்திருந்தன. வேலை செய்யும் ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. குளிர்ந்திருப்பது வேலையை நிறுத்திவிட்டது. அவ்வளவுதான் அவருடைய சோதனை. அந்த மூன்று சோடிப் பைகளின் விலையை உரிமையாளரிடமிருந்து வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

காரணம் இதுதான்: பட்டை வில்லில் ஓடும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் ஓரளவு தானே தணிகிறது. காற்றுப்பையில் உரசுவதற்கு ஒன்றும் இல்லை. காற்றை அமுக்கினால் ஏறத்தாழ அதே வலிமையோடு அது திருப்பித் தள்ளும். எனவே தணிக்கும் வேலை முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில் விழுகிறது. நான் முன்பு குறிப்பிட்ட நெறியாணை, தணிப்பில் குறைந்தது பாதியாவது ஷாக் அப்சார்பரிலிருந்தே வர வேண்டும் என்று விதித்ததும் இதனால்தான். அது செத்துப்போன பின் சக்கரம் வினாடிக்குப் பத்து முறைக்கும் மேல் துள்ளத் தொடங்கும். சாலையை விட்டு எழுந்து எழுந்து விழும் டயர் திட்டுத் திட்டாகத் தேயும். மேலும், பல வடிவமைப்புகளில் அச்சு அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்து வைப்பதும் ஷாக் அப்சார்பரே. அதன் பிடிப்பு விட்டுப்போனால், பள்ளத்தில் அச்சு இறங்கும் ஒவ்வொரு முறையும் பை எல்லை மீறி இழுக்கப்பட்டு, அடியில் தன்னைத் தாங்கும் பிஸ்டனைக் கவ்வியிருக்கும் விளிம்பிலேயே கிழியும். கழற்றிய பைகள் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிழிசல் கீழ் விளிம்பில் இருந்தால் நான் சொன்னது உறுதி. சுவரில் ஒரே இடத்தில் மழமழவென்று தேய்ந்திருந்தால், அருகிலுள்ள குழாயோ கொக்கியோ உரசுகிறது. மடிப்புகளில் மெல்லிய வெடிப்புகள் பரவியிருந்தால் மட்டுமே பை முதுமையால் போயிற்று என்று கொள்ளலாம்.

கேள்வி: டர்பனில் சரியாக நின்ற என் டிரெய்லர், ஹாரிஸ்மித்தில் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. கசிவா? மலை மேல் ஏறுவதால் பையின் அழுத்தம் மாறுமா?
— ஓட்டுநர், லேடிஸ்மித்

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது; ஏனெனில் இதில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன.

முதலில் உயரம். கடல் மட்டத்தில் சுமார் ஒரு பாராக இருக்கும் வளிமண்டல அழுத்தம், ஜோகன்னஸ்பர்க்கில் 0.83 பார் அளவுக்குக் குறைகிறது. வெளி அழுத்தம் குறைந்தால் பை சற்று உப்பும். டிரெய்லர் சில மில்லிமீட்டர் எழும்பும். உடனே லெவலிங் வால்வு அந்த மிகுதிக் காற்றை வெளியே விட்டுவிடும். பைக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சுமையைப் பொறுத்ததே அன்றி மலையைப் பொறுத்ததன்று. ஏற்றத்தில் உண்மையில் சிரமப்படுவது கம்ப்ரசர். அடர்த்தி குறைந்த காற்றை உறிஞ்சுவதால், அதே தொட்டியை நிரப்ப அது நீண்ட நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குளிர். உயரத்தைவிட இதற்கே விளைவு அதிகம். மாலையில் 20 டிகிரியில் நின்ற பைக்குள் இருக்கும் காற்று விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரிக்குக் குளிர்ந்தால், அழுத்தம் மாறாத நிலையில் அதன் கன அளவு எட்டு சதவீதம் சுருங்கும். நெம்புகோல் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் டிரெய்லர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழும்; எங்கும் ஓட்டை இல்லாமலேயே தாழும். இன்ஜினை இயக்கித் தொட்டி நிரம்பியதும் வால்வு அதைச் சரிசெய்துவிட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தாழ்வு அதைவிட மிகுதியாக, பைக்குள் இருக்கும் ரப்பர்த் தாங்கு கட்டையில் உட்காரும் அளவுக்கு இருந்தால்தான் கசிவைத் தேட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பையில் அன்று, குழாய் இணைப்புகளில் முதலில் தடவுங்கள்; பிறகு லெவலிங் வால்வின் வெளியேற்றுத் துளையில் தடவுங்கள். கொப்புளம் பெரும்பாலும் அங்கேதான் வரும். இடமும் வலமும் சமமாகத் தாழ்ந்திருப்பதை வைத்துக் கசிவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பல டிரெய்லர்களில் இருபக்கத்துக்கும் ஒரே வால்வு இருப்பதால், ஒருபக்கத்துக் கசிவு இருபக்கத்தையும் இறக்கும்.

மூன்றாவது ஈரம். டர்பன் கடற்கரையின் ஈரக் காற்றைத் தொட்டியில் அடைத்துக்கொண்டு வான் ரீனன் கணவாய் ஏறுகிறீர்கள். காற்று உலர்த்திக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருள் செயலிழந்திருந்தால், அந்த ஈரம் குழாய்களில் நீராகத் தங்கி, மலைக் குளிரில் பனிக்கட்டியாகி வால்வை அடைத்துவிடும். 2024 செப்டம்பரில் பெய்த கடும் பனியால் என்-3 சாலையே அந்தப் பகுதியில் மூடப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். குளிர்காலத்துக்கு முன் உலர்த்தியின் அந்தப் பொருளை மாற்றி, தொட்டியின் அடித்திருகைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் உலர்த்தி போய்விட்டது என்று பொருள்.

கேள்வி: ஓடும்போது பை வெடித்துவிட்டால் பிரேக்கும் போய்விடுமா? நடுவழியில் என்ன செய்வது?
— வாசகர், டொங்காட்

பதில்: பிரேக் போகாது. பிரேக்குக்கும் பைக்கும் ஒரே கம்ப்ரசர்தான் காற்றுத் தருகிறது என்றாலும், இடையே பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கிறது. தொட்டி அழுத்தம் சுமார் ஆறு பாருக்குக் கீழே இறங்கினால், பைகளுக்குப் போகும் வழியை அது அடைத்து, மிச்சக் காற்றைப் பிரேக்குக்கு ஒதுக்கிவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்ட வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். பழைய டிரெய்லர் வாங்குவோர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

வெடித்தவுடன் சட்டம் இறங்கி, பைக்குள் இருக்கும் ரப்பர்த் தாங்கு கட்டையின் மேல் உட்காரும். வண்டி நிற்கும், ஓடும், ஆனால் உதறும். சாலையோரம் ஒதுங்கி, வெடித்த பைக்குப் போகும் குழாயை மட்டும் அடைத்துவிட்டால் மற்றப் பைகள் நிரம்பும். ஆனால் அந்த அச்சு விட்ட சுமையை அவை சேர்த்துச் சுமக்கின்றன என்பதால், மெதுவாக அருகிலுள்ள பட்டறை வரைதான் போகலாம், ஜோகன்னஸ்பர்க் வரை அன்று.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பை நிரம்பி நிற்கும் டிரெய்லருக்கு அடியில், சட்டத்தை இரும்புத் தாங்கிகளில் நிறுத்தாமல் யாரும் நுழையக் கூடாது. லெவலிங் வால்வின் கம்பியை ஒருவர் தெரியாமல் கீழே இழுத்தால் போதும். சில வினாடிகளில் சட்டம் முழுவதும் இறங்கிவிடும். பையைக் கழற்றுவதற்கு முன் தாங்கிகளை வைத்து, காற்றை முழுவதுமாக வெளியேற்றி, அழுத்தமானி பூஜ்யத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே திருகைத் தொட வேண்டும்.